கறுப்பு அங்கியும் கரிசல் மண்ணும்

சென்ற புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் கோடையின் வெடிப்புகள் இன்னும் மூடவில்லை. மழை வரும் என்ற நம்பிக்கையிலே குடியானவர்கள் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். வாசற்படியண்டை ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், நம்மிடம் ஆறு வருஷங்களுக்கு முன் படித்த மாணாக்கன் ஒருவன் நின்றான்.

அவன் பெயர் இங்கே வேண்டியதில்லை. கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் அவன் தகப்பனாருக்கு ஒரு சின்ன மளிகைக் கடையும் நாலு ஏக்கர் மானாவாரி நிலமும் உண்டு. பையன் அகில இந்தியப் பரீட்சை ஒன்று எழுதித் தேறி, வெளி மாகாணத்தில் ஒரு தேசியச் சட்டப் பல்கலைக் கழகத்தில் ஐந்து வருஷப் படிப்பில் சேர்ந்தபோது, அந்த ஊரே திருவிழாக் கொண்டாடியது. தாயாரின் வளையல்கள் அடகுக்குப் போயின. பாங்கியில் கல்விக் கடன் எழுதப்பட்டது. 'மகன் பம்பாயில் பெரிய சட்டக் கம்பெனியிலே உட்காரப் போகிறான்' என்று தகப்பனார் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, பம்பாய்க்கு எப்போது பிரயாணம்?" என்று நாம் கேட்டோம்.

"இல்லை, ஸார். என்னை யாரும் எடுக்கவில்லை" என்றான் அவன். பிறகு, நம்முடைய முகத்தைப் பாராமல், "அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை" என்றான்.

பரீட்சைத் தாள்களை மூடி வைத்தோம்.

பந்தியில் இலை போதவில்லை

நேயர்களில் பலருக்கு இந்தக் காலத்துச் சட்டப் படிப்பின் விவரம் தெரிந்திராது. முன்னெல்லாம் ஒரு பட்டம் பெற்றுவிட்டு, பிறகு சட்டக் கல்லூரியில் படித்து, ஒரு மூத்த வக்கீலிடம் சேருவதே வழக்கம். 1988-இல் பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி வகுப்புகளைத் தொடங்கிய பிறகு, பள்ளிப் படிப்பு முடிந்தவுடனே சேரக்கூடிய ஐந்து வருஷப் படிப்பு நாடெங்கும் பரவிற்று. மாகாணத்துக்கு மாகாணம் தேசியச் சட்டப் பல்கலைக் கழகங்கள் தோன்றின. நம் தமிழ்நாட்டிலும் திருச்சிராப்பள்ளியில் ஒன்று இருக்கிறது.

இக்கல்லூரிகளுக்கு பம்பாய், டில்லி முதலிய நகரங்களிலிருந்து பெரிய சட்டக் கம்பெனிகள் ஆள் எடுக்க வருகின்றன. படிப்பு முடிவதற்கு வெகு நாள் முன்பே வந்துவிடுகின்றன. அதற்கும் முன்னால் விடுமுறைகளில் அவர்களுடைய காரியாலயங்களில் மாணாக்கர் பயிற்சிக்குப் போகவேண்டும். அங்கே நல்ல பெயர் எடுத்தவர்களுக்கு அப்போதே இடம் நிச்சயமாகிவிடும். மிஞ்சிய இடங்கள் சொற்பம். அவற்றிலும் வகுப்பில் முதல் வரிசையில் நிற்கிறவர்கள், சிறு வயது முதல் ஆங்கிலத்திலேயே பேசி வளர்ந்தவர்கள், பெரிய ஊர்களில் உற்றார் உறவினர் உள்ளவர்கள் முந்திக்கொள்கிறார்கள். கலியாணப் பந்தியில் முதல் வரிசைக்கு வடை பாயசம் எல்லாம் விழும். கடைசி வரிசைக்கு வரும்போது ரசத்தில் பருப்பைத் தேடவேண்டியிருக்கும். நம் மாணாக்கன் கடைசி வரிசைக்காரன் அல்ல, நடு வரிசை. ஆனால் அந்த வருஷம் நடு வரிசை வரையில் இலை வரவில்லை.

"மூன்று கம்பெனிகளில் நேர்முகம் வரை போனேன், ஸார். ஒன்றிலே, விடுமுறையில் எங்கே பயிற்சி பெற்றாய் என்று கேட்டார்கள். கோவில்பட்டிக் கோர்ட்டில் என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை" என்றான்.

அடுத்த கோடையிலிருந்து கல்விக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். இதையும் அவன் சொல்லத் தவறவில்லை.

உத்தியோகம் கிடைக்காத பாரிஸ்டர்

ஆறுதல் சொல்வது சுலபம். அதனால் தவணை கட்ட முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆகவே ஆறுதல் சொல்வதை விட்டு, ஒரு பாரிஸ்டரின் கதையைச் சொன்னோம்.

அந்த பாரிஸ்டர் 1891 ஜூன் மாதத்தில் லண்டனில் பட்டம் பெற்றார். தமையனார் கடன்பட்டுப் படிக்க வைத்திருந்தார். ஊர் திரும்பியதும் பம்பாயில் வீடு பிடித்தார், சமையற்காரனை வைத்துக்கொண்டார், ஹைகோர்ட்டுக்குத் தினமும் போனார், சில நாட்களில் அங்கேயே கண்ணயர்ந்துவிடுவதும் உண்டு. கடைசியில் சிறு வழக்குக் கோர்ட்டில் ஒரு வழக்கு வந்தது. பீஸ் முப்பது ரூபாய். எதிர்க்கட்சிச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, கோர்ட்டே சுழலுவதுபோல் இருந்தது, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. வழக்கை வேறு வக்கீலிடம் ஒப்படைக்கும்படி சொல்லிவிட்டு வெளியேறினார்.

அதன் பிறகு அவர் ஒரு பள்ளிக்கூட விளம்பரத்தைப் பார்த்தார். நாளைக்கு ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க வேண்டும். மாதம் எழுபத்தைந்து ரூபாய் சம்பளம். ஆவலோடு விண்ணப்பம் போட்டார். நேரில் போனபோது, 'நீர் பி.ஏ. பட்டதாரி அல்லவே!' என்று வருத்தத்துடன் அனுப்பிவிட்டார்கள்.

இதைச் சொல்லும்போது நமக்குச் சிறிது கர்வம் உண்டாவது வழக்கம். ஏனெனில், நாமும் ஒரு காலத்தில் சட்டம் படிக்க ஆசைப்பட்டு, வீட்டு நிலைமை இடங்கொடாமல், பட்டத்தோடு நிறுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்தாம். நமக்குக் கிடைத்த உத்தியோகம் அந்த பாரிஸ்டருக்குக் கிடைக்கவில்லை! அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

பம்பாயை விட்டு ராஜ்கோட்டுக்குத் திரும்பிய காந்தி என்ன செய்தார் என்பதுதான் கவனிக்கத் தக்கது. கோர்ட்டில் பேச முடியாவிட்டால் எழுத முடியும் அல்லவா? மனுக்களும் விண்ணப்பங்களும் எழுதிக் கொடுத்தார். அதில் மாதம் முந்நூறு ரூபாய் வரையில் வந்தது. பிறகு 1893-இல், தென்னாப்பிரிக்காவில் ஒரு வர்த்தகரின் வழக்கில் உதவி செய்ய, ஒரு வருஷத்துக்கு 105 பவுன் சம்பளத்தில் கப்பல் ஏறினார். பெரிய வக்கீல் உத்தியோகம் என்று அதைச் சொல்ல முடியாது. கம்பெனிச் சிப்பந்தி என்று சொல்லலாம். அவரே 'சத்திய சோதனை'யில் அவ்விதமே ஒப்புக்கொள்கிறார். அந்தச் சிறு வேலை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உலகம் அறியும்.

"எல்லாரும் காந்தியாக முடியுமா, ஸார்?" என்று கேட்டான் மாணாக்கன். நியாயமான கேள்வி.

ஒட்டப்பிடாரத்துப் பிள்ளை

"சரி, நம் ஊருக்கு வருவோம்" என்றோம்.

கோவில்பட்டியிலிருந்து அதிக தூரமில்லாத ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. தகப்பனார் வக்கீல். பிள்ளையோ முதலில் தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து பார்த்தார். பிறகு திருச்சிராப்பள்ளிக்குச் சென்று சட்டம் பயின்று, தேறி வந்து, ஒட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார். பிற்பாடு தூத்துக்குடிக்குச் சென்றார். 1906-இல் அவர் தோற்றுவித்த சுதேசிக் கப்பல் கம்பெனியின் வரலாறும், 1908-இல் அவருக்கு விதிக்கப்பட்ட கொடுந் தண்டனையும், கோயமுத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்ததும் தமிழ்க் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்தவை. நாம் சொல்ல வந்தது அதற்குப் பின் நடந்த கதை. பாட புத்தகங்களில் அது இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை.

1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது கப்பல் கம்பெனி கலைந்து போயிருந்தது. வக்கீல் சன்னதும் பறிக்கப்பட்டிருந்தது. வயது நாற்பது, மனைவி மக்கள் உண்டு, கையில் பணமில்லை. கற்ற தொழிலைச் செய்ய உரிமையில்லை. நம் மாணாக்கனை ஒரு கம்பெனி வேண்டாமென்றது; அவரையோ ஒரு சாம்ராஜ்யமே வேண்டாமென்றது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மறுநாள் காலையில் அடுப்பு எரிய வேண்டும் என்ற கேள்வி இருவருக்கும் ஒன்றுதான்.

பிள்ளையவர்கள் சென்னையில் குடியிருந்து அரிசியும் நெய்யும் விற்றுப் பார்த்தார். வியாபாரம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் உழைத்த தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் கொடுத்த 347 ரூபாய் 12 அணாவை, 1916-இல் காந்தியின் மூலமாகப் பெற்றுக்கொண்டார். அதற்காக இருவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைப் படிக்கிறவர்களுக்குக் கண் கலங்கும். பின்னர் கோயமுத்தூரில் ஒரு பாங்கியில் வேலை பார்த்தார். தொழிலாளர் சங்கங்களுக்கு உழைத்தார். இத்தனைக்கும் நடுவில் எழுத்தை மட்டும் கைவிடவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் நூல்களைத் தமிழாக்கினார், 'மெய்யறம்' இயற்றினார், திருக்குறளுக்கு மணக்குடவர் செய்த உரையை 1917-இல் பதிப்பித்தார்.

கடைசியில் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். சன்னதைப் பெற்றுக்கொண்டு அவர் எங்கே வந்தார்? சென்னை ஹைகோர்ட்டுக்குப் போகவில்லை. 1920-களில் இதே கோவில்பட்டிக்கு வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர், ஒரு காலத்தில் கப்பல் விட்டவர், இந்தச் சிற்றூர்க் கோர்ட்டில் கரிசல் காட்டுக் குடியானவர்களின் வரப்புச் சண்டைக்கும் அடிதடி வழக்குக்கும் எழுந்து நின்றார். மாலை நேரங்களில் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையை அச்சேற்றும் பணியில் ஈடுபட்டார். 1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பி, 1936 நவம்பர் 18-ஆம் தேதி அங்கே காலமானார். கடைசி வரையில் செல்வம் சேரவில்லை. இதை மறைத்துச் சொல்வது பாவம். ஆயினும், அவர் மூட்டை தூக்கிய அந்த இருபத்து நாலு வருஷங்களில் தமிழுக்குச் செய்த தொண்டு, கப்பல் விட்ட இரண்டு வருஷங்களின் தொண்டுக்கு இளைத்ததல்ல என்பது நம் அபிப்பிராயம்.

"கோவில்பட்டிக் கோர்ட்டில் பயிற்சி பெற்றேன் என்று சொல்ல நீ ஏன் கூசினாய்?" என்று கேட்டோம். பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஊடு பயிர்

கரிசல் காட்டுச் சம்சாரி பருத்தியை மட்டும் விதைப்பதில்லை. பருத்திக்கு நடுவே உளுந்தும் ஊன்றுவான். கோவில்பட்டியில் நூறு வருஷங்களுக்கு மேலாக இருந்து வரும் அரசாங்க விவசாய ஆராய்ச்சிப் பண்ணையும் இந்த யோசனையைத்தான் சொல்கிறது. உளுந்து எழுபது நாளில் வீட்டுக்கு வந்துவிடும். பருத்தி நின்று நிதானமாக வெடிக்கும். மழை பொய்த்து ஒன்று போனாலும் மற்றொன்று கை கொடுக்கும். சட்டம் படித்த பிள்ளைகளும் இவ்விதமே செய்யலாம். அன்றிரவு ஒரு காகிதத்தை எடுத்து, நாமும் அவனும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

முதலாவது, கோர்ட்டுத் தொழில். வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளப் பல மாகாணங்களில் பல்லாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1961-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்றும், ஆதி திராவிடர், பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான் என்றும் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய மாதத்தில் சென்னை ஹைகோர்ட், இளம் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஜில்லாக்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. மூத்த வக்கீல்களின் பணப்பெட்டி வரையில் அது நடந்துபோய்ச் சேர வேண்டும். ஆகவே, சேரும்போதே இதைக் கூச்சமின்றிப் பேசிக்கொள்வது நலம்.

இரண்டாவது, நீதிபதிப் பரீட்சை. கல்லூரியிலிருந்து வெளிவந்தவுடனே சிவில் நீதிபதிப் பரீட்சை எழுதலாம் என்றிருந்த நிலையை மாற்றி, மூன்று வருஷம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. ஆகையால் கோவில்பட்டிக் கோர்ட்டில் செலவழிக்கும் மூன்று வருஷம் வீண் போகிற காலம் அல்ல. அதுவே ஏணியின் முதற் படி.

மூன்றாவது, ஏழைகளுக்குச் சட்ட உதவி. 1987-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி தாலுகா தோறும் இதற்குக் குழுக்கள் உண்டு. வசதியற்ற குற்றவாளிக் கூண்டுக்காரர்களுக்காக வாதாட, மாதச் சம்பளத்தில் வக்கீல்களை அமர்த்தும் திட்டமும் 2022 முதல் ஜில்லாக்களில் நடைமுறைக்கு வந்தது. அதில் உதவி வக்கீல் ஸ்தானத்துக்குத் தொழிலில் புதிதாக வந்தவர்களும் மனுச் செய்யலாம்.

நாலாவது, கோர்ட்டுக்கு வெளியே உள்ள வேலைகள். பொதுத் துறை பாங்கிகள் சட்ட அதிகாரிகளைப் பரீட்சை வைத்து எடுக்கின்றன. கம்பெனிக் காரியதரிசிப் படிப்பைச் சேர்த்துப் படிக்கலாம். சட்டக் கல்லூரிகளில் ஆசிரியராகலாம்.

ஐந்தாவதுதான் நம் மனத்துக்கு உகந்தது. நம் ஊரையே பாருங்கள். தீப்பெட்டித் தொழிற்சாலைகள், நூற்பாலைகள், கடலை மிட்டாய்க் கடைகள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர்ப் பெயரைப் போட்டு வேறெங்கோ செய்த மிட்டாயை விற்கலாகாது என்று தடுக்கும் உரிமை அது. அந்த உரிமையைக் காப்பாற்றத் தெரிந்த வக்கீல் இந்த ஊரிலேயே இருக்க வேண்டாமா? 2024 ஜூலை முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் புதியவை. 2025 நவம்பர் முதல் தொழிலாளர் சட்டங்களும் நாலு புதுத் தொகுப்புகளாகிவிட்டன. முப்பது வருஷம் அநுபவம் உள்ளவரும் நேற்று வந்தவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து பாடம் படிக்கிற காலம் இது. இச்சட்டங்களை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? பம்பாய்க் கம்பெனிக்காரருக்கு இந்தத் தமிழ் வராது. அங்கே குறையாகக் கருதப்பட்டது இங்கே மூலதனம்.

மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, கோர்ட்டுத் தீர்ப்புகளை அந்தக் காலத்திலேயே தமிழில் தொகுத்து அச்சிட்டார். உத்தியோகத்தை விட்ட பிறகு அவர் 1879-இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவலாயிற்று. சட்டமும் தமிழும் ஒன்றோடொன்று பகையல்ல.

தகப்பனாரிடம் யார் சொல்வது?

கணக்கெல்லாம் போட்டு முடித்த பிறகும் ஒரு கணக்கு மிஞ்சியிருந்தது. "அப்பாவிடம் நீங்கள் வந்து சொல்லுங்கள், ஸார்" என்றான் பையன். நாம் மறுத்துவிட்டோம். "உடன் வருகிறோம், சொல்ல வேண்டியவன் நீதான்" என்றோம்.

மறுநாள் மாலை கடைக்குப் போனோம். பையன் சொன்னான். தகப்பனார் தராசில் நிறுத்துக்கொண்டிருந்த பருப்பை நிறுத்து முடித்து, பொட்டலம் கட்டி, வாங்க வந்த அம்மாளிடம் கொடுத்து, காசையும் பெட்டியில் போட்டார். அதுவரை வாய் திறக்கவில்லை. பிறகு நம்மைப் பார்த்து, "வாத்தியாரய்யா, ஊரெல்லாம் சொல்லிப்புட்டேனே" என்றார். அந்த மனிதரின் குரலில் இருந்த வெட்கத்தை நாம் மறக்க முடியாது. பணம் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெற்றோர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். பிள்ளை படிக்கப் போகும்போது, அவன் சேரப்போகும் உத்தியோகத்தை ஊருக்கு அறிவிக்காதீர்கள். அந்த அறிவிப்புத்தான் பிறகு பிள்ளையின் கழுத்தில் சுருக்காக விழுகிறது. கம்பெனிக்காரர் மறுத்த வருத்தம் ஒரு மாதத்தில் ஆறும். வீட்டுக்கு வந்து முகம் காட்ட முடியாத வருத்தம் ஆறுவதில்லை. நம் பையன் படிப்பு முடிந்து நாலு மாதம் வெளியூரில் நண்பர்கள் அறையில் படுத்துக்கிடந்தான் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம்.

இன்று தை பிறந்துவிட்டது. பையன் கோவில்பட்டியில் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறான். சம்பளம் உத்தரவில் கண்ட தொகை அல்ல. அதில் முக்கால் பங்கு. இரவில் பாங்கிப் பரீட்சைக்கும் படிக்கிறான். சென்ற மாதம் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருஷம் வேலை பார்த்து நின்றுவிட்ட ஓர் அம்மாளுக்கு, அவளுக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தான். எழுதியதை அவளுக்கே வாசித்துக் காட்டினான். "நான் சொன்னதேதான் இதிலே இருக்கு!" என்று அவள் ஆச்சரியப்பட்டாளாம். தான் வாங்கிய முதல் பீஸ் அந்த வார்த்தைதான் என்கிறான். மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது.

போன வாரம் அவன் தகப்பனாரைச் சந்தையில் பார்த்தோம். ஐப்பசியில் மழை பெய்தது. உளுந்து வீடு வந்து சேர்ந்துவிட்டது என்றார். பருத்தி எப்படி என்று கேட்டோம்.

"காய் பிடிச்சிருக்கு, வாத்தியாரய்யா. வெடிக்க நாளாகும். பார்ப்போம்" என்றார்.

பருத்தியைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறோம்.